கடல் நீர் என்று வந்த கேன்

திருப்பாலைக்குடியில் மீன் இறங்குதளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். துருப்பிடிக்காத எஃகு என்று வந்த போல்ட்டுகள் கடல் நீரைத் தாங்குமா என்று சோதிப்பது என் வேலை. ஆய்வகத்தில் போல்ட்டின் துண்டைக் கடல் நீரில் வைத்து, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவோம். மின்னோட்டம் சட்டென்று எகிறினால் உலோகம் அரிக்கிறது என்று பொருள்.

அன்று எவ்வளவு ஏற்றியும் மின்னோட்டம் எகிறவே இல்லை. சந்தேகப்பட்டு, ‘கடல் நீர்’ என்று கான்ட்ராக்டர் அனுப்பிய கேனில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர்.

கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. நேரே கட்டுமான இடத்துக்குப் போய்க் கேட்டேன். கான்ட்ராக்டர் சிரித்தார்.

“எல்லாம் தண்ணிதானம்மா. ரிப்போர்ட்டக் குடுங்க.”

அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் விஷயத்தைக் கேட்டு எழுந்து வந்தார்.

“நாங்க கூடையோட நிக்கப்போற எடம்யா அது” என்றார் கான்ட்ராக்டரிடம். கடலில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கித் தன் குடத்தை நிரப்பி என்னிடம் தந்தார். “இதுல பாருங்கம்மா. என்ன வருதோ அத எழுதுங்க.”

அந்த நீரில் மின்னோட்டம் எகிறியது. போல்ட்டில் குழிகள் விழுந்திருந்தன. கேன் விஷயத்தையும் சேர்த்தே அறிக்கை எழுதினேன்.

“கேன எடுத்துரும்மா, எதுக்கு வம்பு?” என்றார் மேலதிகாரி.

“என் பேர எடுத்துட்டு, உங்க பேரப் போட்டு மாத்திக்கங்க சார்.”

அவர் மாற்றவில்லை. போல்ட்டுகள் திரும்பிப் போயின. ஆனால் கான்ட்ராக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஊரில் அடுத்த வேலை கிடைத்தது.

கோபத்தை அடக்கு என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இந்தக் கோபத்தை நான் இன்னும் அடக்கவில்லை. அடக்கும் எண்ணமும் இல்லை.