பெருக்கி வைத்த பாதை

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. என் தம்பியின் கல்யாணத்துக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டேன்.

சேலத்து மலையில் கொட்டச்சேட்டுக்கு மேலே, காப்பித் தோட்டங்களைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். ஜீப் கீழேயே நின்றுவிடும்; அங்கிருந்து ஒற்றையடிப் பாதைதான். உடம்பு முடியாதவர்களை மூங்கிலில் போர்வை கட்டி, டோலியில் தூக்கிக்கொண்டு இறங்குவோம். தம்பிக்குப் பிடித்த பெண் கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கு எழுதும் ஒரு ரைட்டரின் மகள். பெண் கேட்கப் போனோம். ரைட்டர் காப்பி கொடுத்தார், பெண்ணைக் கொடுக்கவில்லை.

"பையன் நொம்பத் தங்கமானவருங்க. ஆனா ஏனுங்க, எம்பொண்ணைப் பிரசவத்துக்கு டோலியிலயா தூக்கிட்டு வருவீங்க? ரோடு வரட்டுங்க, அப்புறம் பேசலாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. சேலத்தில் வக்கீல் என்று பலகை மாட்டிக்கொண்டு, சொந்த ஊருக்கு ஒரு ரோடு கேட்கத் தோன்றவில்லையே! அன்று பஸ் அடிவாரத்தில் இறங்குவதற்குள் எந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இமயமலைப் பக்கத்து மக்களின் பழைய வழக்கு அது. அரசியல் சாசனம் சொல்லும் வாழும் உரிமையில் மலைவாசிகளுக்குப் பாதையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்லூரியில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தது. இப்போது படித்தால் எங்கள் ஊரைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

"எங்கே ரோடு போடுவது என்பது அரசின் முடிவு. நீதிமன்றம் ரோடு போட முடியாது" என்றார் அரசு வக்கீல். "போட வேண்டாம், ஏன் போடவில்லை என்று கேட்கலாமே" என்றேன் நான். நீதிபதி சிரித்தார். பாதையை நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லி ஒரு வக்கீல் கமிஷனரை நியமித்தார்.

கமிஷனர் வந்தார். அவரோடு பாதையடிக்குப் போனவள் திகைத்து நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக எஸ்டேட் வேலைக்காரர்கள். முதலாளி வருகிறார் என்றால் புல்லைச் செதுக்கி, பள்ளத்தில் மண் போட்டு நிரவி, ஓரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பெருக்கி வைப்பார்கள். கமிஷனருக்கும் அதையே செய்து வைத்திருந்தார்கள்! தம்பி சுண்ணாம்பு மட்டையும் கையுமாக நின்று, "எப்படிக்கா இருக்குது?" என்றான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

"பாதை நல்லாத்தானே இருக்கு" என்று கமிஷனர் உற்சாகமாக ஏறினார்.

"இது இன்னைக்கு மட்டும்தான் சார்."

"நான் பார்த்ததைத்தானேம்மா எழுத முடியும்?"

மேலே அவருக்கு நாட்டுக்கோழிக் குழம்பு போட்டார்கள். தம்பியின் கல்யாணம் அந்தச் சுண்ணாம்போடு போயிற்று என்றே நினைத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மண்ணைப் பிடித்திருந்த புல்லைத்தான் செதுக்கியாயிற்றே. புதிதாகப் போட்ட மண் முழுக்கச் சேறாகிவிட்டது. கமிஷனர் முதல் வளைவிலேயே சறுக்கி உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை. எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். தம்பி ஓடிப்போய் டோலியோடு வந்தான்.

"வேண்டாம்ப்பா, நடந்துடறேன்."

"நடந்தா உருண்டுருவீங்க சார். பேசாமப் படுத்துக்குங்க."

நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பாதி வழியில் போர்வைக்குள்ளிருந்து ஒரு கேள்வி வந்தது: "பிரசவத்துக்கும் இப்படித்தானாம்மா?"

"ஆமாங்க சார்."

கமிஷனர் அறிக்கையில் சுண்ணாம்பையும் எழுதியிருந்தார், டோலியையும் எழுதியிருந்தார்.

ஏன் போடவில்லை என்று நீதிபதி அரசைக் கேட்டார்; ரோடு வந்தது. ரைட்டரும் சொன்ன சொல் தவறவில்லை. கொட்டச்சேட்டில் தாலி கட்டி முடித்து, பெண்ணை அழைத்துக்கொண்டு ஜீப்பில் எங்கள் ஊருக்கு ஏறினோம். முன் சீட்டில் இருந்த ரைட்டர் வளைவுக்கு வளைவு "நல்ல ரோடுங்க, நல்ல ரோடுங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த புதுப்பெண்ணிடம், "எல்லாம் உனக்காகத்தான் கண்ணு. எந்தக் காலத்துத் தீர்ப்பையெல்லாம் தேடி எடுத்தேன் தெரியுமா!" என்றேன்.

அவள் என் காதோரம் குனிந்தாள். "ரோடு கேட்டது எங்கப்பாதானுங்க அண்ணி. என்னைய யாருமே கேக்கலீங்க. நான் நடந்தே வந்திருப்பேன்."

வயது வந்த பெண் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொள்ளலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு வக்கீலம்மாவுக்கு நினைவுக்கே வரவில்லை! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ரைட்டர் திரும்பிப் பார்த்தார். "என்னங்க அப்படிச் சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. ரோடு நல்லாருக்குதுன்னு பேசிக்கிட்டோம்."