மெத்தென்ற பேரிங்

நசீர் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, கடை ஷட்டரை நான் பாதி தூக்கியிருந்தபோது வந்தது. பக்கத்து லேத் பட்டறை மாமா போனில், "நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனாரும்மா. திரும்பல" என்றார். தூக்கிய ஷட்டரை மறுபடி இறக்கினேன்.

வண்டி உதிரிபாகக் கடையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. துபாயில் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். கவுண்டரில் அவர் அடிக்கும் கிண்டல் கடைவீதிக்காரர்கள் உங்களுக்கெல்லாம் தெரியும். நான் மெக்கானிக்கல் படித்தவள், எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஆனாலும் போனில் பெண் குரலைக் கேட்டு யாராவது "ஆளு யாரும் இல்லியா?" என்று கேட்டால், போனை அவரிடம் நீட்டிவிடுவேன்.

தன் பழைய ஜீப்பின் இஞ்சினை, கூடுதல் வேகத்துக்காக அவர் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். இஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் ரேஸ் வண்டிக்கான கடின வகைதான் என்று கடைவீதி முழுக்கச் சொல்லியும்விட்டார். பேரிங் பெட்டி வந்த அன்று எல்லார் முன்னாலும் என்னிடம், "எப்டிம்மா இருக்குது?" என்றார்.

"ரோட்டு வண்டிக்கு மெத்துனு இருக்கறதுதாண்ணா நல்லது." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பேரிங்கு மெத்துனு இருக்கட்டும். நீ சத்தமா சொல்லு."

சொன்னேன். எண்ணெயோடு வரும் தூசி மெத்தென்ற உலோகத்தில் புதைந்துவிடும். கடினமானதில் புதையாமல் நின்று கிராங்க்கைக் கீறும். ரேஸ் இஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள். இந்த ஜீப் பீங்கான் கம்பெனிப் பக்கத்துப் புழுதியில் தினமும் ஓட வேண்டியது.

லேத் மாமா சிரித்தார். "என்னா பாய், ஊரெல்லாம் ரேஸுன்னு சொல்லிட்டு இப்ப மெத்தை போடப் போறீங்களா?"

"ரேஸுக்காரன் ஓட்டிட்டுப் பிரிப்பான். நான் ஓட்டிட்டுக் கறி வாங்கப் போவணும்." பெட்டியை மூடினார். "நீ சொன்னதையே வரவழைம்மா."

அதன்பின் ஜீப் கிளம்பும் ஒவ்வொரு முறையும் இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பேன். பேரிங் கிராங்க்கோடு இறுகிப் பிடித்திருந்தால், அந்தக் கவுண்டரில் மறுபடி வாய் திறக்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

வேப்பூர் வரை பலமுறை போய்வந்த பிறகு, எண்ணெய் ஒழுகுகிறதென்று இஞ்சினின் அடிப்பாகத்தைக் கழற்றினார். கையோடு ஒரு பேரிங்கையும் எடுத்து என்னைக் கூப்பிட்டார். முறுக்கில் எள் பதிந்ததுபோல் அதில் துகள்கள் பதிந்திருந்தன. கிராங்க்கில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், வழுவழுவென்றிருந்தது.

"மாமா, மெத்தை எப்டி?" என்று லேத் பட்டறைப் பக்கம் குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு போன் வந்தால் என்னிடமே திருப்பித் தள்ளுவார். "ஆளுதான் பேசுதுன்னு சொல்லு."

புதிது மாட்டிவிட்டு அவர் என்னிடம் கொடுத்த அந்தப் பேரிங்கின் ஒரு பாதி என் மேசையில் இருக்கிறது. அவர் கொடுத்த சத்தமும் என்னிடம்தான் இருக்கிறது. அடக்கத்துக்குப் பிறகு கடையைத் திறந்ததும் முதல் போன் வந்தது.

"ஆளு யாரும் இல்லியாம்மா?"

பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

"ஆளுதாங்க பேசுது. என்ன வண்டி, சொல்லுங்க."