குழாய் வைத்துக் கேட்பவர்

அவரது இடது கை காற்சட்டைப் பைக்குள் இருக்கிறது. கால், பெட்டியை இயக்கும் பெடலை மிதிக்கிறது. வலது கையில் முழ நீளப் பிளாஸ்டிக் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை ஆம்ப்ளிஃபயர் மூடியின் காற்றுத் துளைகள்மேல் ஊர்கிறது. உள்ளே இரண்டாயிரத்து ஐந்நூறு வோல்ட். "ரெண்டு கையையும் நீட்டுனா, நெஞ்சு வழியா கரண்டுக்கு ரோடு போட்டுக் குடுத்த மாதிரி" என்பார். பேங்கில் கையெழுத்துப் போடும்போதும் அந்த இடது கை வெளியே வராது.

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வுக்குப் பிறகு, பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களின் ஆம்ப்ளிஃபயர்களுக்கு வைத்தியர். உள்ளே எங்கோ மின்பொறி தாவும். தாவிய இடம் கரியாகி ஒருநாள் பெட்டியே புகையும். முதலில் மோந்து பார்ப்பார். பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு நீலப் பொறியைத் தேடுவார். பெரும்பாலும் குற்றவாளி, கண்டென்சர் தகடுகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும் பூச்சி. அதை இடுக்கியால் எடுத்து, தீப்பெட்டியில் போட்டு, மேலே பெட்டிக்காரரின் பெயரை எழுதிவைப்பார். பொறி கண்ணுக்கு மறைவாகத் தாவினால்தான், அதன் டிக் டிக் சத்தத்தைப் பிடிக்கக் குழாய்.

டாக்சி ஓட்டுநர் ஒருவரின் பெட்டி மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. இரண்டு முறையும் "சத்தமே இல்ல, எடுத்துட்டுப் போங்க" என்று இவர்தான் அனுப்பினார். நேற்று அந்த மனிதர் கோபப்படவில்லை. "உள்ள சுவிட்ச் கருகிடுச்சு சார். நீங்க கேட்டுத்தானே குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அதுதான் உறைத்தது.

சுவிட்சை மாற்றியாயிற்று. குழாய் மூன்று சுற்று வந்தும் ஒன்றுமில்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

"இன்னும் டிக் டிக்குங்குதுங்க" என்றார், பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி.

"அது ஃபேன்."

ஃபேனை நிறுத்திவிட்டு மீண்டும் பெடலை மிதித்தார். மனைவி சிவப்புப் பேனாவோடு வாசலில் வந்து நின்றார். "பின்னாடி, வலது மூலையில. இப்பக்கூட. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. காது மந்தமானவன் இந்தப் பெட்டிகள் பக்கமே வரக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவர் இவர். பெட்டி வேலையை விட்டால் பகல் முழுக்க என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

"எத்தன நாளா இப்படி?" என்று கேட்டார் மனைவி.

"ரெண்டு மாசம் இருக்கும்" என்று ஒத்துக்கொண்டார்.

"சொல்றதுக்கென்ன?"

அவர் மின்சாரத்தை நிறுத்தினார். முக்காலிமேல் இருந்த திருகாணி டப்பாக்களைக் கீழே இறக்கி, முக்காலியைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிறகு மேஜை ஓரத்தில் கிடந்த திருப்புளிகளை ஒதுக்கி, ஒரு கட்டு விடைத்தாள் வைக்கும் அளவுக்கு இடம் பண்ணினார்.