வித்தியா போடாத செம்மஞ்சள் சட்டை

என் அண்ணனின் மகள் வித்தியாவைப் பற்றி மொன்றியலின் தமிழர் பகுதிகளான வில்லரேயிலும் பார்க் எக்ஸிலும் இரண்டு கதைகள் உலாவுகின்றன. விளம்பரக் காசை வாங்கிவிட்டு ஆளை ஏமாற்றியவள் என்பது ஒன்று. தகப்பன் கொடுத்த வாக்கைக் காற்றில் பறக்கவிட்டவள் என்பது மற்றது. இரண்டும் பச்சைப் பொய். சொல்லித் திரிகிறவர்களில் ஒருவர்கூட அவள் விளையாடிப் பார்த்ததில்லை. பார்த்தவள் நான். அதனால் நான் சொல்கிறேன்.

அவளுக்கு வயது பத்தொன்பது. கூடைப்பந்து ஆடுகிறாள். பெரிய உயரமில்லை, பந்தைக் கொண்டுபோய் யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்கிற இடத்தில் ஆடுபவள். வாய் கொஞ்சம் கூட. நடுவரோடு பிரெஞ்சில் சண்டை, தகப்பனோடு தமிழில் சண்டை, தோற்றுவிட்டால் தன்னோடு ஆங்கிலத்தில் சண்டை. அந்த வாய் என்னிடமிருந்துதான் வந்தது என்று அண்ணி சிவநேசம் சொல்லுவார். எனக்கு அதில் பெருமைதான்.

போன வருடம் அவளுக்கு, பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கிற சீஜெப் கல்லூரியில் கடைசி வருடம். இரண்டு பல்கலைக்கழக அணிகள் அவளைக் கேட்டன. பெயர் சொல்லமாட்டேன், வழக்குப் பேச எனக்கு வசதியில்லை. ஓர் அணிக்குப் பச்சைச் சட்டை, மற்றதற்குச் செம்மஞ்சள். படிப்புச் செலவை ஏற்க இரண்டும் தயார்.

பச்சை அணியின் பயிற்சியாளர் றொக்சன் என்ற பெண். அவர் வித்தியாவின் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொன்னார்: "உன் இடது கை சும்மா தொங்குகிறது. என்னிடம் வந்தால் அதை அழ அழத் திருத்துவேன்." வேறு பிள்ளையென்றால் மூஞ்சியை நீட்டியிருக்கும். இவள் வீட்டுக்கு வந்து குதித்தாள்.

"மாமி, அவ எனக்குப் பொய் சொல்லேல்லை!"

செம்மஞ்சள் அணியின் பயிற்சியாளர் பற்றிக் என்பவர் இடது கையைப் பற்றி மூச்சே விடவில்லை. உங்கள் சமூகம் பெரியது, நீ வந்தால் அரங்கம் நிறையும் என்றார். அவள் ஆடுகிற இடத்துக்கு அவரிடம் ஏற்கனவே மூன்று கெட்டிக்காரிகள் இருந்தார்கள். "அங்கை போனால் வாங்கிலிலை இருந்து கைதட்டத்தான்" என்றாள் வித்தியா, மாற்று ஆட்கள் இருக்கிற பெஞ்சைச் சொல்லி. அவளுக்கு வேண்டியது ஆட்டம். றொக்சன் கிறிஸ்மஸ் வரை ஓர் இடத்தை அவளுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். உடனே கையெழுத்துப் போட்டிருக்கலாம். அப்பா மனதார ஓம் என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளையைத்தான் வாக்கு மீறியவள் என்கிறார்கள்.

இனி நீக்கிலாப்பிள்ளை. வீடு விற்பனை முகவர். மொன்றியலில் இவருடைய கலண்டர் தொங்காத தமிழ் வீட்டுக் குசினி கிடையாது. ஒரு வருடம் நல்லூர் முருகன், மறு வருடம் மடு மாதா. யார் வந்தாலும் கீழே கோட்டும் சூட்டுமாக இவர் சிரித்துக்கொண்டு நிற்பார். எல்லாச் சமயத்துக்கும் வீடு விற்கிற மனிதர். வங்கி கைவிரித்த நேரத்தில் அண்ணனுக்கு அலைந்து திரிந்து வீடு எடுத்துக் கொடுத்ததும் அவர்தான், அதை மறுக்கமாட்டேன். செம்மஞ்சள் அணிக்கு அவர் ஒரு புரவலர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் அண்ணன் சிவராசா டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஆடி மாதம் எங்கள் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் நீக்கிலாப்பிள்ளை அவரைத் தனியே கூப்பிட்டு, தோளில் கையைப் போட்டார்.

"சிவராசா, பல்கலைக்கழகம் படிப்புச் செலவுக்கு மேலை காசு தரேலாது. ஆனால் ஒரு வியாபாரி விளம்பரத்துக்குத் தந்தால் ஆர் கேக்கிறது? பிள்ளையின்ர படம் என்ர கலண்டரிலை வரட்டும். நல்லாத் தருவன். செம்மஞ்சளுக்குப் போகோணும், அது ஒண்டுதான்."

அண்ணன் என்ன செய்தார்? தலையாட்டினார். பிள்ளைக்கு நல்லதுதானே என்று நினைத்தாராம். பிள்ளைக்குப் பேந்து ஆறுதலாய்ச் சொல்லுவம் என்று விட்டவர் சொல்லவே இல்லை. சம்பந்தம் பேசுவதுபோல இரண்டு ஆம்பிளைகள் ரோல்ஸ் தின்றபடி ஒரு பிள்ளையின் நான்கு வருடத்தை முடித்துவிட்டார்கள். முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு நித்திரை கொள்கிறவள் அவள். கேட்க வேண்டியது அவளையல்லவா?

எங்கள் கலண்டர்கள் சிவகாசியில் அச்சாகிக் கப்பலில் வருகிறவை. அதனால் புரட்டாதியிலேயே படம் போயாக வேண்டும். அவள் ஒரு முடிவும் எடுக்காத நேரத்தில், ஒன்றுகூடலில் எடுத்த அவளுடைய படத்துக்குக் கணினியில் செம்மஞ்சள் சட்டை போட்டு அனுப்பிவிட்டார் நீக்கிலாப்பிள்ளை. கார்த்திகை முடிய முன், எங்கள் வீட்டில் ஒருவரும் காணும் முன்னரே, அவளுடைய முகம் ஒவ்வொரு தமிழ்க் கடையிலும் தொங்கியது. "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று மேலே எழுத்து. கீழே வழக்கமான கோட்டும் சூட்டும்.

றொக்சனுக்குக் கொத்துரொட்டி என்றால் உயிர். பார்க் எக்ஸில் சாப்பிடப் போனவர் சுவரில் அதைப் பார்த்தார். அடுத்த நாள் வித்தியாவுக்கு ஒரு மின்னஞ்சல்: கலண்டரைப் பார்த்தேன், வாழ்த்துகள், நேரே சொல்லியிருக்கலாம், உனக்கு வைத்த இடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

மெட்ரோவில் அதை வாசித்தவள் நேரே வீட்டுக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். ஆடியில் கொடுத்த வாக்கை அண்ணன் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, என்னை ஏன் கேக்கேல்லை?"

"நீ ஓம் எண்டுதான் சொல்லுவாய் எண்டு நினைச்சன் பிள்ளை."

"நான் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் எனக்காக ஒரு கிழமை காத்திருக்கேல்லை."

அண்ணன் குனிந்துகொண்டார். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, சாப்பிட்டிட்டுச் சண்டை பிடியுங்கோ" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்தபடி.

இரண்டு நாள் கழித்து நீக்கிலாப்பிள்ளை உண்மையான செம்மஞ்சள் சட்டையோடும் ஒரு பெட்டி லட்டோடும் வந்தார். பற்றிக் இன்னும் தயாராம், படிப்புச் செலவு தயாராம், விளம்பரக் காசும் அவள் சேர்ந்த அன்றே தயாராம்.

"அங்கிள், நான் போகமாட்டன்."

"ஊர் முழுக்கத் தொங்குது பிள்ளை. இனி மாறினால் என்ர முகத்திலை கரி!"

"உங்கட முகத்தை நீங்கள் பாருங்கோ. தொங்கிறது என்ர முகம். அதை நான் உங்களுக்குத் தரேல்லை."

"அந்தப் பச்சைக்காரி உன்னை வேண்டாம் எண்டிட்டாள். விசரே உனக்கு?"

"ஓம், விசர்தான். அந்தச் சட்டையைக் கொண்டு போங்கோ."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டியும்விட்டேன். லட்டுப் பெட்டியையும் கையில் கொடுத்தேன்.

மறுநாள் வித்தியா றொக்சனிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்டார், ஆனால் கொடுத்த இடத்தைப் பறிக்க முடியாது என்றார். ஆவணியில் யாரும் வரக்கூடிய ஒரு தேர்வு இருக்கும். பணம் கிடையாது, உறுதி கிடையாது. விருப்பமென்றால் வா. "வருவேன்" என்றாள்.

அந்த எட்டு மாதம் கொடுமை. கோயிலில், கடையில், கலியாண மண்டபத்தில் எல்லாம் "கலண்டர் பிள்ளை" என்று பெயர். அண்ணன் கோயிலுக்குப் போவதையே விட்டார். வித்தியா மட்டும் ஓரிடமும் விடவில்லை. தன் படத்துக்குக் கீழேயே நின்று தேங்காய் வாங்குவாள். படிப்புக் காசுக்குச் சந்தையில் தாயோடு மரக்கறி விற்றாள். பெட்டி தூக்குவதும் இடது கை, பல்லுத் தீட்டுவதும் இடது கை, சோறு மட்டும் வலது கையால்.

ஆவணியில் றொக்சன் அவளை எடுத்தார். கடைசி ஆளாக, வாங்கிலின் அந்தலையில்.

ஐப்பசியில் பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் ஆட்டம். அண்ணனும் அண்ணியும் நானும் போனோம். நீக்கிலாப்பிள்ளையும் தன் ஆட்களோடு வந்து எங்களுக்குப் பின்வரிசையில் இருந்தார். முதல் மூன்று கால் பகுதியும் வித்தியா வாங்கிலில் இருந்தாள். கடைசிக் கால் பகுதியில் பின்னாலிருந்து ஒருவர், எங்களுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார்:

"அங்கையும் வாங்கில்தானே! காசையும் வாங்கி, வாக்கையும் மீறி, என்னத்தைக் கண்டவள்?"

நான் வாயைத் திறக்கும் முன் அண்ணன் எழுந்து திரும்பினார். நான் அறிய முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"வாக்குக் குடுத்தது நான். அவளைக் கேளாமல் அவளின்ர முகத்தைக் குடுத்ததும் நான். அவள் ஒரு சதம் வாங்கேல்லை, ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை. ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ. அவளைப் பற்றி இனி ஒரு சொல்லும் கதைக்கப்படாது."

நீக்கிலாப்பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் கீழே றொக்சன் கையைக் காட்ட, வித்தியா மேற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பச்சைச் சட்டையோடு உள்ளே ஓடினாள்.

"இருங்கோ அண்ணை, மறைக்குது" என்றது பின்வரிசை.

அண்ணன் உட்காரவில்லை. அண்ணியும் எழுந்தார், நானும் எழுந்தேன். ஆட்டம் முடியும்வரை மூன்று பேரும் அவர்களை மறைத்துக்கொண்டே நின்றோம்.