மெஷின் வாளும் மோசேயின் சட்டமும்

அவர் வெள்ளறடைப் பக்கம் மரம் முறிக்கிறவர். பெயர் எனக்குத் தெரியாது. வாசலை அடைக்கும் உடம்பு, தடித்த கண்ணாடி. ஆளை அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முன்பு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பார். அடித்தபின் மாட்டிக்கொண்டு, அடி எங்கே விழுந்தது என்று பார்ப்பார்.

அன்று அடி வாங்கியவன் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன். இவருடைய மெஷின் வாளை இரவல் வாங்கி ரப்பர் மரம் முறித்திருக்கிறான். கயிறு பிடிக்க இவரும் கூடப் போயிருக்கிறார். மரம் சாய்ந்து வாளை நசுக்கிவிட்டது. பிழைப்பு போன கோபத்தில் நடுரோட்டில் அவன் வாயை உடைத்துக்கொண்டிருந்தார்.

படித்ததையெல்லாம் பிறருக்குச் சொல்லியே தீரும் வியாதி எனக்கு. "யூதர் சட்டத்தில இரவல் வாங்கினவன்தான் சேதத்துக்குப் பொறுப்பு. ஆனா உடையவனும் கூட நின்னு வேலை செய்தா, அவன் ஒண்ணும் குடுக்கண்டாம்" என்றேன்.

கண்ணாடி சட்டைப்பைக்குப் போனது. என் கடைவாய்ப்பல் ஆடியது.

"அப்போ நான் வீட்டில கிடந்து உறங்கியிருந்தா எனக்கு வாள் கிட்டும். உதவிக்குப் போனதாக்கும் குற்றம், இல்லியா சாரே? எவன் எழுதின சட்டம்?"

"மோசே. வேதத்தில உண்டு."

ஓங்கிய கை பாதியில் நின்றது.

அடி வாங்கியவன் ரத்தம் துப்பியபடி சரிந்தான். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்தது. இவரே அவனைத் தூக்கி ஏற்றினார்.

"அண்ணனும் வாறீங்களா?" என்று அவன் நடுங்கினான்.

"எலே, பின்னே தனியாட்டா போவே?" என்று இவரும் ஏறி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

கூடப் போனால் என்ன நஷ்டம் என்று அப்போதுதான் பல்லைக் கொடுத்து விளக்கியிருந்தேன். அது ஏன் அவர் காதில் ஏறவில்லை என்று இன்னும் விளங்கவில்லை.