சீதாலட்சுமியின் பெஞ்சு

கீழவாசல் பக்கத்துத் தரும வைத்தியசாலை ஒன்றில் நான் மருந்து இடித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு வாக்கில் என்று ஞாபகம். ஏற்கெனவே மூலிகை வைத்தியம் பார்க்கிறவர்கள் மேற்கொண்டு பழக அங்கே வருவார்கள். "வைத்தியப் பாட்டு ஒப்பிச்சது போதும், நோயாளிகிட்ட வாங்க" என்பார் பெரிய வைத்தியர். அவர் பக்கத்தில் ஒரு வருஷம் உட்கார வேண்டும். கடைசியில் அவர் எதிரே ஒரு நோயாளியைத் தனியாகப் பார்த்துச் சரியாகச் சொன்னால் சொந்தமாக ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தவர்தான் தன் பொறுப்பில் மருந்து கொடுக்கலாம். பிசகினால் இன்னொரு வருஷம்.

வகுப்பில் ஒரே பெண் சீதாலட்சுமி. சௌராஷ்டிரக் குடும்பம். பிறந்த வீட்டில் சாயப்பட்டறை, புகுந்த வீட்டில் தறி. பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து இடித்துக் கொடுத்தே தெருவில் பேர் வாங்கியவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். "ஜலீல் பாய், மருந்த இடிக்கிறீங்களா, தாலாட்டுறீங்களா?" என்று என் உலக்கையைக்கூட விடமாட்டார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் வராத நாளில் வைத்தியசாலை சப்பென்று இருக்கும்.

அவர் முறை வந்த அன்று எதிரே வந்து உட்கார்ந்தவன் துளசிராம். அவர் தெருவிலேயே சாயம் முக்குகிறவன். சோறு இறங்கவில்லை, உடம்பெல்லாம் அசதி என்றான். இரண்டு உள்ளங்கையும் மஞ்சள். பின்னால் நின்ற ஆம்பளை வைத்தியர்கள் "காமாலை, காமாலை" என்று முணுமுணுத்தார்கள்.

சீதாலட்சுமி சிரித்துவிட்டார். "சாயக்காரன் கை மஞ்சளா இல்லாம பச்சையாவா இருக்கும்? சாயத்துலயே பொறந்தவ நான், எனக்கா தெரியாது? அடுப்புச் சூடு, பித்தம் ஏறியிருக்கு. சீரகத் தண்ணி குடிடா, சரியாப் போகும்."

அந்தத் தெருப் பெண்ணே சொல்கிறாளே என்று பெரிய வைத்தியரும் தலையாட்டினார். பெஞ்சு கிடைத்துவிட்டது. நான் இடித்துக்கொண்டிருந்த சுக்கை அப்படியே விட்டுவிட்டுப் போய் அந்தப் பெஞ்சைத் துடைத்து வைத்தேன்.

சாயந்தரம் நான் கோரிப்பாளையம் போக ஆற்றைப் பார்த்து நடந்தேன். அவரும் கூட வந்தார். வைகை மணலில் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அத்தனையும் சிவப்பு. அவர் சட்டென்று நின்றார். சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "மஞ்ச முக்கலையா?" என்று கேட்டார்.

"இந்த மாசம் பூரா செவப்புத்தான்க்கா. கல்யாணச் சேலைதான அம்புட்டும்."

சீதாலட்சுமியின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப அவன் கையில இருந்தது சாயமில்ல, வேலைக்கே போகாமக் கெடந்திருக்கான். கண்ணப் பாக்கல பாய். நாடி, நாக்கு, கண்ணு, நீரு, எல்லாத்தையும் பாத்துட்டு வாயத் தொறன்னு வருஷம் பூரா சொன்னாரு. கையப் பாத்ததும் தொறந்துட்டேன்."

நேரே துளசிராம் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அவனை வெளிச்சத்துக்கு இழுத்து இமையைக் கீழே தாழ்த்தினார். வெள்ளை விழி மஞ்சள் பூத்திருந்தது. அவர்கள் பாஷையில் ஏதோ திட்டினார். அவனையா, தன்னையா, எனக்குப் புரியவில்லை.

"விடுங்கம்மா," என்றேன் நான். "கீழாநெல்லிய மோருல அரைச்சு வீட்டுலயே குடுங்க. யாருக்குத் தெரியப்போகுது? பெஞ்சு போயிருமே!"

"குடுக்கலாம் பாய். அப்பறம் அந்தப் பெஞ்சுல உக்காந்தா குத்தாதா?"

அவனைக் கையோடு கூட்டிவந்து பெரிய வைத்தியர் முன்னால் நிறுத்தினார். "தப்பாச் சொல்லிட்டேன் ஐயா. இவனுக்குக் காமாலைதான்."

பெரிய வைத்தியரும் அவன் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். "நானும்ல தலையாட்டிட்டேன்," என்றார். "ஆனா விதி விதிதாம்மா."

"மாத்தச் சொல்லி நான் கேக்கலையே. இன்னொரு வருஷம் உக்கார்றேன். இவனுக்கு மருந்த மட்டும் என் கையால குடுக்க விடுங்க. கோட்டை விட்டவ நானுல்ல?"

யா அல்லா, எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று இடித்த சுக்கு மாவாகிப்போனது. துடைத்து வைத்த பெஞ்சு சுவரோரம் போயிற்று.

துளசிராம் தேறினான். தேறினவன் சும்மா இருப்பானா? "தப்புன்னு தெரிஞ்சதும் வீடு தேடி வந்துச்சுய்யா அந்த அக்கா!" என்று ஊரெல்லாம் சொன்னான். சாயக்காரத் தெருவே கிளம்பி வந்தது. அவனியாபுரத்திலிருந்துகூட வண்டி கட்டி வந்தார்கள். மற்றப் பெஞ்சுகள் காலியாகக் கிடக்க, எல்லாரும் சீதாலட்சுமி எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். அவர் பார்த்துச் சொல்லுவார், பெரிய வைத்தியர் சரி என்ற பிறகு நான் மருந்து கட்டுவேன்.

ஒருநாள் பெரிய வைத்தியரே, "ஜலீல், அந்தப் பெஞ்சத் தூக்கி அந்தம்மாவுக்குப் போடுப்பா" என்றார். நான் பாதி தூரம் தூக்கிவந்துவிட்டேன்.

"எறக்குங்க பாய்," என்றார் சீதாலட்சுமி. "வருஷம் இன்னும் முடியல."

பெரிய வைத்தியர் சிரித்தேவிட்டார். நான் பெஞ்சைத் திருப்பிக்கொண்டு போனேன்.

வருஷம் முடிந்தது. மறுபடியும் பரீட்சை, இந்தத் தடவை ஒரு பிசகும் இல்லை. யாரும் சொல்வதற்கு முன்னால் நானே பெஞ்சைக் கொண்டுபோய்ப் போட்டேன். முதல் ஆளாக வந்தவன் ஒரு சாயக்காரன். "பாருக்கா" என்று இரண்டு கையையும் நீட்டினான். முழங்கைவரை சிவப்பு.

"கை கெடக்கட்டும்டா," என்றார் சீதாலட்சுமி. "மொதல்ல கண்ணக் காட்டு."