எண்ணெய் தெறித்த விரல்கள்

நகைக்கடையில் வேலை செய்பவளுக்கு முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கை நன்றாக இருக்க வேண்டும். மோதிரத்தை விரலில் போட்டுக் காட்டுவதும் வளையலை மணிக்கட்டில் ஏற்றித் திருப்பிக் காட்டுவதும்தான் ஈப்போ கடையில் பதினோரு வருடமாக என் வேலை. போன வருடம் என் வலது கையின் நான்கு விரல்களில் மரு முளைத்தது. முதலில் கடுகளவு, பிறகு மிளகளவு. ஒரு மணப்பெண் நான் கழற்றிக் கொடுத்த மோதிரத்தை டிஷ்யூவால் துடைத்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டாள். அன்றைக்கே முதலாளியின் மனைவி என்னை உள்ளறைக்கு மாற்றினார், பெட்டிகளில் விலைச்சீட்டு ஒட்ட.

"கை நல்லாவட்டும்லா, அப்புறம் முன்னுக்கு வா. ரெண்டு மாசம் பார்ப்போம்" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குனோங் ராபாட் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா பத்து காஜா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவள். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்துவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரும் காரில் போய்ச் சேருவோம். என் வேலைக்கு ஆபத்து என்று கேட்டதும் அம்மா கொஞ்சம் உப்பையும் மிளகையும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் கீழே வைத்தாள். மரு விழுந்து என் வேலை தங்கினால் அந்த முடிப்பைக் கோயிலில் கொட்டி, ரோட்டு முனையிலிருந்து வெறுங்காலோடு பால்குடம் எடுத்து வருவதாக வேண்டுதல்.

அம்மாவுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. ஒரு கல் குத்திய கால்விரல் ஆற ஐந்து மாதம் ஆனது. வீட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல் நடக்காதே என்று அரசாங்கக் கிளினிக் தாதி ஒவ்வொரு முறையும் திட்டித்தான் அனுப்புவார். டாக்டரிடம் போகிறேனே என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"வேண்டிக்கிட்ட பிறகு மருந்தா? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலு வைக்காத!"

அதனால் சொல்லாமல் போனேன். லீவு நாளில், கடைக்குப் போவதுபோலவே கிளம்பி.

தோல் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. குடுவையைத் திறந்தபோது வெள்ளைப் புகை வழிந்தது. நைட்ரஜன், உறைய வைத்துவிடும் என்றார். என் மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மருவிலும் பீய்ச்சினார். மரு வெள்ளையாகி விறைத்தது. பத்து எண்ணும் வரை கையை இழுக்கக்கூடாது. முதல் மூன்றுக்குள் குளிர், ஐந்தில் நெருப்பு, எட்டில் பச்சை மிளகாயை நகக்கண்ணில் வைத்துத் தேய்த்த எரிச்சல். கத்தியிருப்பேன், வெளியே ஆள்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் நான்கு விரலிலும் ரத்தக் கொப்புளம்.

"என்னாச்சு கைக்கு?" என்றாள் அம்மா.

"வடை சுட்டப்ப எண்ணெய் தெறிச்சிருச்சும்மா."

மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் எண்ணெய் தெறித்தது. வடை சுடவே தெரியாதவள் அந்த இரண்டு மாதத்தில் தின்னத் தின்ன வடை சுட்டேன்.

கடைசிப் பொருக்கு உதிர்ந்த காலையில் அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று லகாட்டில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன் போட்டாள். மத்தியானத்துக்குள் உறவு முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கடையில் என்னை மறுபடி முன்னுக்குக் கூப்பிட்டார்கள். புது மோதிரங்களைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் அம்மாவின் பாதம்தான் கண்ணில் வந்தது.

திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. அம்மா கவுச்சியை விட்டாள், குடத்தைப் புளி போட்டு விளக்கினாள்.

"நான் தூக்குறேன்ம்மா, என் கைதானே நல்லாச்சு."

"வேண்டுனது ஒரு வாயி, நடக்குறது வேற காலா?"

சின்னம்மாவை விட்டுச் சொல்ல வைத்தேன். அவர் போன வேகத்தில் அம்மாவின் பக்கம் சேர்ந்துகொண்டார். உண்மையைச் சொன்னால் தெய்வக் குற்றம் என்று பரிகாரமும் சேர்த்து இரட்டிப்பாக நடப்பாள், சொல்லாவிட்டால் ஒற்றையாக நடப்பாள். அப்படித்தான் கணக்குப் போட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோழைத்தனம் என்று எனக்குத் தெரியும்.

திருவிழா அன்று காலை பத்து மணி. ரோட்டு முனையில் காரை நிறுத்தியபோது தார் ஏற்கெனவே பளபளத்தது. அம்மா குனிந்து செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளினாள். நான் கதவின் பூட்டைத் திறக்கவில்லை.

"கதவத் தொறலா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"அம்மா, மரு தானா விழல. டாக்டர்கிட்ட மூணு தடவ போயி உறைய வச்சு எடுத்தேன். நீ நடக்க வேணாம்மா." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அம்மா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் தெறிச்சா மருவாப் பார்த்தா தெறிக்கும்? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா இப்ப நடக்கப் போற?"

"கடையில உன்ன வேலைய விட்டு நிப்பாட்டிறக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன். நிப்பாட்டுனாங்களா? டாக்டர் எடுத்தாரோ ஆத்தா எடுத்தாளோ, அது அவங்க ரெண்டு பேரும் பேசிக்கட்டும்."

என் மடிக்கு மேலே கையை நீட்டி என் பக்கத்துப் பொத்தானை அவளே அழுத்தினாள். பூட்டு திறந்துகொண்டது.

கோயிலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அவள் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். அவள் நின்றபோதெல்லாம் இப்போது கேட்பாள் என்று பையைத் திறந்தேன். குடத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடி நடந்தாள். கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து குழாயடியில் காலைக் கழுவியபோது இடது பாதத்தில் கொப்புளம் இருந்தது. என் விரலில் வந்த அதே நிறம். இரண்டாம் நாள் அது உடைந்தது. கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன்.

தாதி பாதத்தைத் தூக்கிப் பார்த்ததும் முகம் மாறினார். என்ன ஆனது, வெறுங்காலோடு நடந்தீர்களா என்று மலாயில் அதட்டினார்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தாதியிடம் மலாயிலேயே, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள், வடை சுடும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்று.

தாதி என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.